புஷ்பராணி ஏன் குழாயை வெட்டினார்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்: “குற்றத்துக்கான காரணம் என்று கேட்ட இடத்தில் எழுத மூன்றே விடைதான் இருக்கிறது. குடி, படிப்பில்லை, வறுமை. ஆளைப் பார்த்து ஒன்றைப் போடு.” எனக்கும் சொன்னார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த மூன்று விடைகளையும் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தின் கதையைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சமுதாயச் சீர்திருத்த உத்தியோகத்தர்களான நம் வேலை என்னவென்று நம் வீட்டாருக்கே சரியாகத் தெரியாது. ஒருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, அவரைச் சிறைக்கு அனுப்புவதா அல்லது வெளியே வைத்துச் சம்பளமில்லாப் பொதுப்பணி செய்யவைப்பதா என்று நீதவான் யோசிக்கிறார். அதற்கு முன் அவருடைய வீட்டுக்குப் போய், வாழ்க்கையைப் பார்த்து, ஒரு சமூக அறிக்கை கொண்டுவரச் சொல்லி நம்மை அனுப்புகிறார். இவர் ஏன் இதைச் செய்தார், திரும்பவும் செய்வாரா என்ற இரண்டு கேள்விகளுக்குத்தான் நாம் சம்பளம் வாங்குகிறோம். நம் விடையைப் பொறுத்து ஒரு மனிதர் வீட்டுக்குப் போகிறார், அல்லது சிறை வண்டியில் ஏறுகிறார்.

தோட்டத்து வழக்குகள் எப்படிப்பட்டவை என்று போகப் போகப் பார்ப்பீர்கள். அடுப்பெரிக்க ஒரு காய்ந்த மரத்தை வெட்டியவர் கூண்டில் நிற்பார். அதே மலையில் லொறி லொறியாக மரம் இறக்கியவர் அனுமதிப் பத்திரத்தோடு வீட்டில் இருப்பார். இப்படி எத்தனையோ பார்த்தேன். ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது புஷ்பராணியின் வழக்குதான்.

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை முன்பு இருந்த பழைய பங்களாவைக் கொழும்புக் கம்பெனி ஒன்று நீண்ட கால லீசுக்கு எடுத்து, சுற்றுலாப் பயணிகளுக்கான ஹோட்டலாக மாற்றியிருந்தது. பங்களாவுக்கு மேலே மலையில் ஒரு ஊற்று. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு அந்த ஊற்றிலிருந்துதான் காலம் காலமாகத் தண்ணீர் வந்தது. லயத்தின் முன்னால் ஊற்றுநீர் விழும் ஒரு பீலி. குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாம் அந்த ஒரு பீலிதான். ஹோட்டல்காரர்கள் ஊற்றுவாயில் கொங்கிரீட் தொட்டி கட்டி, தடித்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் போட்டுத் தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்பினார்கள். மழைக்காலத்தில் லயத்துக்கு மிச்சம் ஏதோ வந்தது. வெயில் காலத்தில் பீலி வெறும் சொட்டாகிவிட்டது.

புஷ்பராணி அந்த லயத்தில் கொழுந்தெடுக்கும் பெண். நாற்பதைத் தாண்டியவர். கணவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் மூட்டை தூக்குகிறார். தலைப்பிரசவத்துக்காக மகள் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு அவள் திரும்பி வந்த வாரத்தில் பீலி முழுசாக நின்றுபோயிற்று.

ஒரு காலையில், அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகவேண்டிய நேரத்தில், தேயிலைச் செடி வெட்டும் கணவருடைய கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு புஷ்பராணி மலைக்கு ஏறினார். ஹோட்டலின் குழாயை வெட்டினார். ஓடவில்லை, ஒளியவில்லை. கத்தியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, காவல்காரர்கள் வரும்வரை அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

சேதம் சிறியதாக இருந்திருந்தால் விஷயம் இணக்க சபைக்குப் போயிருக்கும். பேசித் தீர்த்திருக்கலாம். ஆகவே சேதம் பெரியதாகக் காட்டப்பட்டது. குழாயோடு நீச்சல் தடாகத்தின் மோட்டர், திரும்பிப் போன விருந்தாளிகள் என்று எல்லாம் சேர்ந்தன. சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. நீதவான் கேட்டபோது புஷ்பராணி, “ஆமாங்க, நான்தான் வெட்டுனேன்” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அந்த ஒரே வரியோடு அவர் குற்றவாளியானார். அறிக்கை கேட்டு என்னை அனுப்பினார்கள்.

நான் போனபோது புஷ்பராணி பிணையில் வீட்டில் இருந்தார். வாசலில் காலி வாளிகளும் கேன்களும் வரிசையாகக் கிடந்தன.

“உள்ள வாங்க மிஸ், உக்காருங்க. டீ ஊத்தத்தான் தண்ணி பத்தாது. கோச்சுக்காதீங்க” என்றார்.

நானும் வட்டவளைப் பக்கத்து லயத்தில் பிறந்தவள்தான். வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்க முடியாமல் போவது எங்கள் சனத்துக்கு எவ்வளவு பெரிய வெட்கம் என்று எனக்குத் தெரியும். அவர் அதை வெட்கப்படாமல் சொன்னார். வெட்கப்படவேண்டியது யார் என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

“ஏன் வெட்டுனீங்க?” என்று கேட்டேன்.

“கேக்காம வெட்டல மிஸ். தொரைகிட்ட கேட்டோம். பங்களாவ லீசுக்குக் குடுத்தாச்சு, தண்ணியும் அதோட போச்சுன்னாரு. யூனியன் தலைவர்கிட்ட சொன்னோம். பேசுறேன்னாரு. இன்னும் பேசிக்கிட்டேதான் இருக்காரு. ஹோட்டலுக்கே போனோம். கேட்லயே நிப்பாட்டி அனுப்பிட்டாங்க.”

“அன்னைக்கு என்ன நடந்துச்சு?”

அவர், வீடென்று இருந்த ஒரே காம்பராவின் உட்பக்கத்தைக் காட்டினார். திரைக்குப் பின்னால் மகள் குழந்தையோடு படுத்திருந்தாள்.

“மக பச்ச ஒடம்புக்காரி. புள்ளைக்குத் தொப்புள்ல சீழ் வச்சிருச்சு. தண்ணியக் கொதிக்க வச்சுச் சுத்தமாக் கழுவுங்கன்னு மிட்வைஃப் மிஸ் சொல்லிட்டுப் போறாங்க. எந்தத் தண்ணியக் கொதிக்க வைக்கிறது? கீழ ஓடையில கக்கூசுத் தண்ணி கலந்து வருது. அதத்தான் ரெண்டு நாளா காய்ச்சினேன். காய்ச்சும்போதே நாத்தம் வருது மிஸ்.”

“அதான் கோவத்துல போயி...”

“கோவமா?” என்று என்னை நிறுத்தினார். “கோவம்னா கொழா போட்ட அன்னைக்கே வெட்டியிருப்பேன். யோசிச்சுத்தான் வெட்டுனேன். வெட்டுனா தண்ணி பழைய ஓடைவழியா எறங்கும்னு தெரியும். எறங்குச்சு. அன்னைக்கி ஒரு நாளு லயமே குளிச்சிச்சு மிஸ். என்னையப் பொலிஸ் ஜீப்புல ஏத்தும்போது எல்லாரும் ஈரத் தலையோட நிக்கிறாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தையை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குணப்படுத்தியிருந்தார்கள். அந்த நாட்களில் பாட்டி பொலிஸ் காவலில் இருந்தார்.

நான் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று மிச்சம் இருந்தது. “மறுபடி வெட்டுவீங்களா?”

“தண்ணி வரலன்னா வெட்டுவேன். உங்ககிட்ட பொய் சொல்லி என்னா ஆகப்போகுது?”

அங்கிருந்து ஹோட்டலுக்கு நடந்தேன். முகாமையாளர் மரியாதையான இளைஞர். என்னைப் பூந்தோட்டத்தில் உட்காரவைத்தார். எனக்குப் பக்கத்தில் நீச்சல் தடாகம். அதன் விளிம்பு தெரியக்கூடாதாம், தண்ணீர் நேராக மலைக்காட்சியில் போய் விழுவது போல இருக்கவேண்டுமாம். அதற்காகத் தண்ணீர் ஓயாமல் வழிந்துகொண்டிருந்தது. வழியவேண்டும் என்பதற்காகவே வழிந்த தண்ணீர்.

“இவர்களுக்குப் படிப்பறிவு இல்லை, பாவம்” என்றார் சிங்களத்தில். “நாங்கள் எவ்வளவோ செய்கிறோம். பண்டிகைக்குப் போர்வை கொடுத்தோம். தண்ணீர் வேண்டுமென்றால் பண்பாக வந்து கேட்டிருக்கலாமே?”

“கேட்க வந்தார்களாம். கேட்டைத் தாண்ட விடவில்லையாம்” என்றேன்.

அது தனக்குத் தெரியாது என்றார். பிறகு ஒரு யோசனை சொன்னார். அதை நீங்களும் கேட்கவேண்டும். “அந்தப் பெண்ணைச் சிறைக்கு அனுப்பவேண்டும் என்பது எங்கள் எண்ணம் இல்லை. பொதுப்பணித் தண்டனை கிடைத்தால் எங்கள் தோட்டத்துக்கே அனுப்புங்கள். பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றட்டும். அடுத்தவர் சொத்தை மதிக்கப் பழகிக்கொள்வார்.”

அவர் கேலி செய்யவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எடுத்த தண்ணீரை, இழந்தவள் கையாலேயே தன் ரோசாச் செடிக்கு ஊற்ற வைப்பது இரக்கம் என்று ஒரு மனிதர் மனதார நம்பினார். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அறிக்கையின் வரைவை மேலதிகாரியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மேசையில் போட்டார்.

“இது என்ன, பல்கலைக்கழகத்துச் சமூகவியல் பாடமா? ஹோட்டல், லீஸ், ஊற்று எல்லாம் எதற்கு? குற்றம் செய்தது அந்தப் பெண். வறுமையினால் செய்தார் என்று எழுது. நீதவானுக்கும் இரக்கம் வரும். அவளுக்கும் நல்லது.”

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நீங்களும் ஒருநாள் நிற்பீர்கள். வறுமை என்ற சொல் கேட்க இரக்கமாக இருக்கும். எழுதிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் அது பொய். அதே தோட்டத்தில் அடுத்த டிவிசனுக்கும் நான் போய் வந்திருந்தேன். அதே சம்பளம், அதே காம்பரா, அதே அரைகுறைப் பள்ளிக்கூடம், அதே கடன். அங்கே யாரும் எதையும் வெட்டவில்லை. அங்கே பீலியில் தண்ணீர் வந்தது. புஷ்பராணி பிறந்ததிலிருந்தே ஏழைதான், ஒரு நாளும் கத்தி எடுக்கவில்லை. தன் பேத்தியைக் கழுவத் தண்ணீர் இல்லாதபோது, கண்ணெதிரே மேட்டில் ஒரு தடாகம் வழிந்ததால் எடுத்தார். இல்லாமை மட்டும் அவரை மலைக்கு ஏற்றவில்லை. அவருக்கு இல்லாததும் அவர்களிடம் வழிந்ததும் ஒரே ஊற்று என்பதுதான் ஏற்றியது.

மேலதிகாரியிடம் இதைச் சொன்னேன். “வறுமை என்று எழுதினால் குற்றம் அவர் காம்பராவுக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம், சேர். ஏற்றத்தாழ்வு என்று எழுதினால் இன்னொரு வீட்டுக் கதவையும் தட்டவேண்டி வரும். அதனால்தான் எல்லோருக்கும் வறுமை பிடிக்கிறது.”

“நீ எழுதியபடியே கொடு. நீதிமன்றத்தில் கேள்வி வந்தால் நீயே பதில் சொல்” என்றார். அப்படியே கொடுத்தேன்.

கேள்வி வந்தது. ஹோட்டலின் சட்டத்தரணி எழுந்து, அறிக்கை எல்லை மீறுகிறது, குற்றம் சாட்டப்படாத ஒரு நிறுவனத்தை விசாரிக்கிறது என்றார். நீதவான் கடுமையானவர் இல்லை, சட்டத்திலிருந்து அணுவளவும் விலகாதவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“உத்தியோகத்தர், ஒரு கேள்விக்கு மட்டும் நேரடியாகப் பதில் சொல்லுங்கள். இவர் மறுபடியும் இதைச் செய்வாரா?”

புஷ்பராணி கூண்டில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிங்களம் கடைத்தெரு அளவுக்குத்தான் தெரியும். ஆனால் கேள்வி அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மாட்டார், மனம் வருந்துகிறார் என்று நான் சொன்னால் அவர் வீட்டுக்குப் போவார். வெட்டுவார் என்று சொன்னால் என் வாயாலேயே அவரைச் சிறைக்கு அனுப்புகிறேன். மாட்டார் என்பது பொய். அது மட்டுமல்ல, அவர் ஏதோ தப்பான புத்தியில் செய்துவிட்டார், இப்போது திருந்திவிட்டார் என்று ஆகிவிடும். பீலி அப்படியே வறண்டு கிடக்கும்.

“தண்ணீர் வந்தால் செய்யமாட்டார்” என்றேன்.

“வராவிட்டால்?”

என் கையிலிருந்த பிரதியை மூடினேன்.

“வராவிட்டால் இவர் செய்வாரா என்று கேட்பதில் பயனில்லை, கனம் நீதவான் அவர்களே. இவரைச் சிறையில் வைத்தாலும் அந்தக் குழாயை யாராவது வெட்டுவார்கள். இந்த அறிக்கையில் இவருடைய பெயரை எடுத்துவிட்டு அந்த லயத்தின் எந்தப் பெண்ணின் பெயரையும் போடலாம். ஒரு எழுத்தும் மாற்றவேண்டியிருக்காது. ஆபத்து இவரிடம் இல்லை. ஊற்றுவாயில் இருக்கிறது.”

சட்டத்தரணி மறுபடி எழுந்தார். நீதவான் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் அறிக்கையைப் புரட்டினார். பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை.

“நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஊற்று என் முன்னால் இல்லை. என் முன்னால் இருப்பது ஒரு குழாய் மட்டும்தான்.”

சிறை இல்லை என்றார். பொதுப்பணி செய்யவேண்டும், ஆனால் ஹோட்டலில் அல்ல, தோட்டத்து மருந்தகத்தில். அறிக்கையின் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பச் சொன்னார். அவரால் முடிந்தது அவ்வளவு. குற்றத் தீர்ப்பு அப்படியே நின்றது.

வெளியே வந்ததும் புஷ்பராணி கேட்ட முதல் கேள்வி, “தண்ணிக்கு என்னாங்க சொன்னாரு?” என்பதுதான். தண்ணீர் இந்த வழக்கில் இல்லை என்று அவருக்கு விளக்கவேண்டியிருந்தது. “தண்ணி இல்லாம எப்படி மிஸ் இந்தக் கேசு?” என்றார். சட்டம் படித்தவர்கள் யாராவது அவருக்குப் பதில் சொல்லட்டும்.

பிரதேச செயலகத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். ஊற்றைப் பார்த்தார்கள். ஹோட்டலில் மதியச் சாப்பாடு சாப்பிட்டார்கள். போனார்கள். பீலி வறண்டே கிடந்தது.

பிறகு ஒரு காலை. நான் மருந்தகத்துக்குப் போயிருந்தேன். புஷ்பராணி பின்பக்கத்துக் கழிவுநீர்க் கானில் அடைத்திருந்த குப்பையை வாரிக்கொண்டிருந்தார். என் கைபேசி அடித்தது. பொலிஸ் நிலையத்திலிருந்து. அந்த லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் வேலைக்குப் போகாமல், காலி வாளிகளோடு ஹோட்டல் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்களாம். சத்தமில்லை, கோஷமில்லை. வெள்ளைக்காரப் பயணிகள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்து படம் எடுக்கிறார்களாம்.

“உங்கள் ஆள்தானே தூண்டிவிட்டது?” என்று பொறுப்பதிகாரி கத்தினார். “தண்டனைக் காலத்தில் இருப்பவள். இப்போதே பிடித்து உள்ளே போடலாம்.”

“அவர் என் கண்ணுக்கு முன்னால் கானைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறார். விடிந்ததிலிருந்து இங்கேதான். மருந்தகத்து டிஸ்பென்சரைக் கேட்டுப் பாருங்கள்” என்றேன்.

“அப்படியானால் யார் தலைவி?”

“எனக்குத் தெரியாது. அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள்.”

கேட்டார்களாம். எல்லோரும் ‘நான்தான்’ என்றார்களாம். ஒரு லயத்தையே ஏற்ற பொலிஸிடம் ஜீப் இல்லை. கைபேசியை வைத்துவிட்டுப் பார்த்தேன். புஷ்பராணி மண்வெட்டியை ஊன்றி நின்று கொண்டிருந்தார்.

“நான் போகக் கூடாதுன்னு அவளுகதான் சொன்னாளுக மிஸ்” என்றார். “நீ ஒருதரம் ஜீப்புல ஏறுனது போதும்னுட்டாளுக.” சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. நீதிமன்றத்தில் கலங்காத கண்.

அந்தப் படங்கள் எங்கெங்கோ போயின. யார் யாரோ கேள்வி கேட்டார்கள். சட்டமும் அறிக்கையும் அசைக்காததை வாளிகள் அசைத்தன. கடைசியில் ஹோட்டல்காரர்களே ஊற்றுத் தொட்டியிலிருந்து லயத்துக்குத் தனியாக ஒரு குழாய் போட்டார்கள். பீலியில் மறுபடி தண்ணீர் விழுந்தது. அந்த நாளிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை அந்த மலையில் ஒரு குழாயும் வெட்டப்படவில்லை. யாரையும் புத்திமதி சொல்லித் திருத்தவில்லை. யாருக்கும் படிப்புக் கொடுக்கவில்லை. யாருடைய சம்பளமும் உயரவில்லை. தண்ணீர் வந்தது, குற்றம் நின்றது. குற்றத்துக்கு என்ன காரணம் என்று இனியும் யாருக்காவது சந்தேகம் இருந்தால் அந்த லயத்துக்குப் போய்ப் பார்க்கட்டும்.

இங்கே முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் நடந்தது இதோடு முடியவில்லை.

அடுத்த வருடம் புஷ்பராணி அலுவலகத்துக்கு என்னைத் தேடி வந்தார். மகளின் குடும்பத்துக்குக் கைகொடுக்க, வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போக முயன்றிருக்கிறார். ஏஜென்சியில் பொலிஸ் அறிக்கை கேட்டிருக்கிறார்கள். அதில் குற்றத் தீர்ப்பு வந்துவிட்டது. போகமுடியாது என்று திருப்பிவிட்டார்கள். ஏதாவது செய்யமுடியுமா என்று கேட்க வந்திருந்தார். நான் யார் யாரிடமோ பேசிப் பார்த்தேன். தெரிந்த சட்டத்தரணியிடமும் அழைத்துப் போனேன். ஒப்புக்கொண்ட குற்றம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார். அன்று மாலை அவரைப் பஸ் ஏற்றிவிட நானும் கூடவே நடந்தேன்.

“பீலியில தண்ணி நல்லா வருதா?” என்று கேட்டேன். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை.

“வருதுங்க மிஸ். நல்லா வருது” என்றார். பூண்டுலோயா பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

“தண்ணி எல்லாருக்கும் வந்துருச்சு. கேசு மட்டும் எனக்குன்னு ஆயிருச்சு.”